கால் தோல் உரிகிறது: சேற்றுப்புண்ணா, வேறா? எப்படிக் கண்டுபிடிப்பது, திரும்ப வராமல் எப்படிப் போக்குவது?

#1 பாதசாரி

கால் தோல் உரிகிறது, என்ன க்ரீம் போடலாம் என்று கேட்டால் ஒரு களிம்பின் பெயர் மட்டும்தான் பதிலாக வருகிறது. எந்த இடத்தில் உரிகிறது, அரிக்கிறதா, ஒரு காலிலா இரண்டிலுமா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதனால் ஒரு மாதிரி நிலையை வைக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டு பேசுவோம்.

வலது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறிப்போயிருக்கிறது. நிமிண்டினால் பிய்ந்து வருகிறது, அடியில் சிவந்த வெடிப்பு. இரண்டு உள்ளங்காலின் ஓரத்திலும் மாவு தூவியதுபோல் வெள்ளைச் செதில். விரலிடுக்கில் நல்ல அரிப்பு, உள்ளங்காலில் அவ்வளவு இல்லை. பூஞ்சைக் களிம்பு போட்டால் 5 நாளில் அடங்குகிறது, ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது.

இது பூஞ்சைதான் என்று எப்படி உறுதி செய்வது? மருந்து எவ்வளவு, எத்தனை நாள்? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

#2 நுண்ணாடி

எப்படி உரிகிறது என்பதைவிட எங்கே உரிகிறது என்பதே அதிகம் சொல்லும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வடிவங்கள் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் நிலை. இது அபூர்வமில்லை.

விரலிடுக்கில் வருவது முதல் வடிவம். சேற்றுப்புண் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சுண்டுவிரலும் அடுத்த விரலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருப்பதால் நடுவே காற்று புகுவதே இல்லை, அதனால் அங்கேதான் முதலில் பிடிக்கும். உள்ளங்கால் முழுக்க வருவது இரண்டாவது. தோல் தடித்து, ரேகைகளுக்குள் வெள்ளை மாவு நிற்கும், பாதத்தின் ஓரம்வரை ஏறி ஒரு கோடு போட்டாற்போல் நின்றுவிடும். அரிப்பு குறைவு. வறட்சி என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஈரப்பதக் களிம்பு தடவிக்கொண்டிருப்பது இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. மூன்றாவது, பாதக்குழிவில் திடீரென்று கடும் அரிப்போடு வரும் நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து காய்ந்தபின் வட்ட வட்டமாகத் தோல் உரியும்.

செய்வது டெர்மட்டோஃபைட் வகைப் பூஞ்சைகள். முதல் இடம் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம், அடுத்து ட்ரைக்கோஃபைட்டான் இன்டர்டிஜிடேல், சில இடங்களில் எபிடெர்மோஃபைட்டான் ஃப்ளாக்கோசம். இவற்றின் உணவு கெரட்டின். அதாவது தோலின் இறந்த மேலடுக்கு, நகம், முடி. உயிருள்ள அடுக்குக்குள் இறங்குவதில்லை. உடல் அந்த மேலடுக்கை அவசரமாகத் தள்ளிவிடப் பார்க்கிறது, அதுதான் உரிதல். ஆனால் உதிரும் ஒவ்வொரு செதிலிலும் உயிருள்ள பூஞ்சை இருக்கும். காய்ந்த செதிலுக்குள் அது மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

காலைப் பார்க்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கால், ஒரே ஒரு கை என்று செதில் இருந்தால் பூஞ்சைக்கு அது பலமான தடயம். வேறு நோய்கள் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒருசேர வரும், அல்லது கைக்கே வராது.

#3 குறிஞ்சி

நுண்ணாடி சொன்னதோடு, பூஞ்சை மாதிரியே வேடம் போடும் மற்றவற்றையும் சேர்க்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான்.

விரல்களின் பக்கவாட்டில், ஜவ்வரிசி புதைந்ததுபோல் ஆழமான சிறு கொப்புளங்கள், கை விரல்களிலும் அதே மாதிரி, தாங்க முடியாத அரிப்பு என்றால் அது கொப்புளக் கரப்பானாக இருக்கலாம். இதற்குப் பூஞ்சைக் களிம்பு எதுவும் செய்யாது. ஒரு எச்சரிக்கை: காலில் உண்மையாகவே பூஞ்சை இருக்கும்போது, அதற்கு எதிர்வினையாகக் கையில் இதே மாதிரிக் கொப்புளங்கள் கிளம்புவதும் உண்டு. அந்தக் கைக் கொப்புளத்தில் பூஞ்சை இருக்காது, காலைக் குணமாக்கினால் கை தானே அடங்கும். அதனால் கையில் மட்டும் கொப்புளம் என்று வருபவரிடமும் சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

புறங்காலில், செருப்பு வார் அல்லது ஷூவின் மேற்பகுதி படும் அளவுக்கு மட்டும், இரண்டு காலிலும் ஒரே வடிவில் வந்தால் அது தொடு ஒவ்வாமை. தோல் பதனிடும் குரோமியம், ரப்பரில் கலக்கும் வேதிப்பொருள்கள், ஒட்டும் பசை ஆகியவை வழக்கமான காரணங்கள். விரலிடுக்கை இது பெரும்பாலும் தொடாது. ஒட்டுச் சோதனையில், சந்தேகப்படும் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்தவுடன் ஒரு முறையும் அடுத்த ஓரிரு நாளில் மறுமுறையும் பார்ப்பார்கள்.

எல்லை கூர்மையாக, தடித்த செதில், சில சமயம் சீழ்ப்புள்ளிகள்: சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலைமுடி எல்லை, நகத்தில் ஊசி குத்தியதுபோன்ற குழிகள், இந்த நான்கையும் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

உள்ளங்காலில் எடை தாங்கும் இடங்களில் மட்டும் சிறுசிறு குழிகள், கடுமையான நாற்றம், அரிப்பே இல்லை: இது பாக்டீரியா செய்வது, பூஞ்சை இல்லை. வியர்வையை அடக்கி, கிளிண்டாமைசின் அல்லது ஃப்யூசிடிக் அமிலம் போன்ற மேற்பூச்சு போட்டால் போய்விடும்.

அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, உள்ளே காற்று புகுந்த குமிழ்போல் தோன்றி வளையமாக உரிகிறது என்றால் அது தொற்றே அல்ல. யூரியா கலந்த களிம்பு போதும். குதிகாலில் மட்டும் ஆழமான கோடுகள் என்றால் சாதாரணப் பித்தவெடிப்பு. ஆனால் அந்த வெடிப்போடு செதில் பாதத்தின் ஓரம் ஏறியிருந்தால் சுரண்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் அரிப்பில்லாத செம்பு நிறப் புள்ளிகள், மேலே லேசான செதில் என்றால் களிம்பைத் தொட வேண்டாம். அது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும்.

#4 பாதசாரி

அப்படியானால் கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்று ஆகிறது. சுரண்டிப் பார்ப்பது என்றால் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

#5 நுண்ணாடி

வலிக்காது. செலவும் நேரமும் மிகக் குறைவு. இவ்வளவு எளிய சோதனையைத் தாண்டிக்கொண்டு களிம்பு மேல் களிம்பாக மாற்றுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இடத்தை ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, அறுவைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தாலோ கண்ணாடிச் சில்லின் விளிம்பாலோ செதிலைச் சுரண்டி எடுப்பார்கள். எடுக்க வேண்டியது நடுவிலிருந்து அல்ல, பரவிக்கொண்டிருக்கும் ஓரத்திலிருந்து. பூஞ்சை அங்கேதான் உயிர்ப்போடு இருக்கும். கொப்புளம் என்றால் அதன் மேற்கூரையைக் கத்தரித்து எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் நீரில் ஒன்றும் தெரியாது.

செதிலின் மேல் 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, மேலே மூடுசில்லு. 10, 20 நிமிடத்தில் தோல் செல்கள் கரைந்து தெளியும், லேசாகச் சூடுகாட்டினால் இன்னும் சீக்கிரம். கொதிக்கவிட்டால் படிகம் கட்டிக் கெட்டுவிடும். 10 மடங்கு லென்சில் தேடி, 40 மடங்கில் உறுதி செய்ய வேண்டும். ஒரே பருமனில், குறுக்குச் சுவர்களோடு, கிளை பிரிந்து, செல் எல்லைகளைக் கடந்து ஓடும் இழைகள்தான் பூஞ்சை. செல்களின் எல்லையையே ஒட்டி வலைபோல் ஓடுவதைப் பார்த்துப் பூஞ்சை என்று எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. பஞ்சு நூலும் ஏமாற்றும்.

வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் கறுப்புக் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். செதில் கண்ணுக்குத் தெரியும், உலர்ந்தும் இருக்கும். ஈரமாக டப்பாவில் அடைத்தால் பாக்டீரியா வளர்ந்து மாதிரி வீணாகும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குச் சபுரோ என்ற ஊடகத்தில் 4 வாரம்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். சோதனைக்கு முன் 2 வாரமாவது பூஞ்சைக் களிம்பை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருந்தும் இல்லை என்று வரும். விரலிடுக்கு ரொம்ப ஊறிப்போயிருந்தால் அங்கே பாக்டீரியா பெருகிப் பூஞ்சை சிக்காது. அந்த ஆளுக்கு உள்ளங்கால் ஓரச் செதிலையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு முறை எதிர்மறை என்று வந்தால் பூஞ்சை இல்லை என்று பொருளில்லை. அறிகுறி பலமாக இருந்தால் மறுபடி எடுப்பதே சரி.

#6 குறிஞ்சி

புற ஊதா விளக்கையும் சொல்லிவிடுகிறேன். விரலிடுக்கில் பவளச் சிவப்பாக ஒளிர்ந்தால் எரித்ராஸ்மா, அதுவும் பாக்டீரியாதான். அந்த ஒளியைத் தரும் பொருள் தண்ணீரில் கரையும், ஆகவே காலைக் கழுவிக்கொண்டு வந்தால் ஒளி தெரியாது. பச்சையாகச் சாயம் ஏறி வலியோடு இருந்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. காலில் வரும் வழக்கமான பூஞ்சைகள் இந்த விளக்கில் ஒளிர்வதில்லை, ஆகவே ஒளிரவில்லை என்பதை வைத்துப் பூஞ்சை இல்லை என்று சொல்ல முடியாது.

#7 மருந்துச்சீட்டு

மருந்துக்கு வருகிறேன். 5 நாளில் அடங்கி ஒரு மாதத்தில் திரும்புகிறது என்ற ஒரு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அரிப்பு நின்றதும் களிம்பும் நின்றுவிட்டது. அரிப்பு நிற்பது வீக்கம் தணிந்ததற்கு அடையாளம், பூஞ்சை செத்ததற்கு அல்ல.

டெர்பினாஃபின் 1 சதவீதம்: விரலிடுக்குக்கு நாளுக்கு 2 வேளை, 1 வாரம். உள்ளங்காலுக்கும் ஓரங்களுக்கும் 2 வாரம். இது பூஞ்சையைக் கொல்லும் மருந்து, நிறுத்திய பிறகும் சில நாள் தோலடுக்கில் தங்கி வேலை செய்யும். நாள் கணக்கு குறைவாக இருப்பது அதனால்தான்.

குளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம்: நாளுக்கு 2 வேளை, 4 வாரம். இந்த அசோல் வகை பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்திவைக்கும், கொல்வது குறைவு. தோல் தன் போக்கில் உதிர்ந்து பூஞ்சையை வெளியே தள்ளும்வரை காவல் இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் விட்டால் முளைக்காமல் என்ன செய்யும்? லுலிக்கோனசோல் 1 சதவீதம் விரலிடுக்குக்கு நாளுக்கு ஒரு வேளை, 2 வாரம்.

நிஸ்டாட்டின் இங்கே பயன்படாது. அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சைக்கு உரியது, டெர்மட்டோஃபைட்டை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக் களிம்பு என்ற பொதுப் பெயரில் அதை வாங்கிப் பல வாரம் பூசுகிறவர்கள் உண்டு.

பூசும் முறை: கழுவி, ஒற்றி உலர்த்தி, 10 நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் விரலிடுக்கு இன்னும் ஊறும். கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி 2 சென்டிமீட்டர்வரை, ஒரு இடுக்கில் மட்டும் இருந்தாலும் நான்கு இடுக்கிலும், ஒரு காலில் மட்டும் இருந்தாலும் இரண்டு காலிலும் பூசுங்கள். வெள்ளையாகத் தேங்கி நிற்கக் கூடாது, தேய்த்து மறைய வேண்டும். முடித்ததும் கையை சோப்பால் கழுவ வேண்டும்.

#8 பாதசாரி

அளவு எவ்வளவு என்று சொன்னால் நல்லது. 15 கிராம் குழாய் ஒன்றை இரண்டு மாதம் வைத்துக்கொண்டிருப்பது சகஜமாக இருக்கிறது.

#9 மருந்துச்சீட்டு

அப்படியானால் மருந்து போதவில்லை என்று அந்தக் குழாயே சொல்கிறது. பெரியவர்களின் ஆட்காட்டி விரலின் நுனி மடிப்பிலிருந்து நுனிவரை, 5 மில்லிமீட்டர் வாய் கொண்ட குழாயிலிருந்து பிதுக்கும் ஒரு கோடு ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். ஒரு பாதம் முழுவதற்கும், மேலும் கீழும் சேர்த்து, இரண்டு கோடு. உள்ளங்காலும் ஓரமும் மட்டும் என்றால் ஒரு கோடு.

கணக்கைப் பாருங்கள். இரண்டு கால், தலா அரை கிராம், நாளுக்கு 2 வேளை: 2 கிராம். டெர்பினாஃபின் 2 வாரத்துக்கு 28 கிராம், அதாவது 15 கிராம் குழாய் இரண்டு. குளோட்ரிமசோல் 4 வாரத்துக்கு 56 கிராம், நான்கு குழாய். விரலிடுக்கு மட்டும் என்றால் இதில் பாதிகூட ஆகாது. தொடங்கும்போதே முழு அளவையும் வாங்கி வைப்பது நல்லது, நடுவில் தீர்ந்துபோய் 4 நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவதே தோல்விக்கு வழி.

#10 குறிஞ்சி

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. அதை எழுதாமல் இந்த இழை முழுமையாகாது.

குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோனோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு பாக்டீரியா மருந்தும் சேர்த்த களிம்புகள் இருக்கின்றன. போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிடும். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். நடப்பது என்னவென்றால், ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பை அடக்குகிறது, சிவப்பும் அரிப்பும் மறைகின்றன, பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், உடனே மறுபடி அதே களிம்பு. சில மாதத்தில் வட்டம், எல்லை, செதில் எல்லாம் அழிந்து, பார்த்தால் எந்த நோய் என்றே அடையாளம் தெரியாத உருவம் வந்துவிடும். விரலிடுக்குத் தோல் மெலிந்து சும்மா நடந்தாலே வெடிக்கும்.

தயவுசெய்து குழாயின் பின்புறம் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஹாலோபெட்டசால் இவற்றில் எது இருந்தாலும் பூஞ்சை என்று சந்தேகிக்கும் காலில் நீங்களாகப் போட வேண்டாம். ஏற்கெனவே பல வாரம் போட்டிருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை ஏராளமாகவே தெரியும்.

#11 வெள்ளெருக்கு

மருந்தைவிடக் காலைச் சுற்றி இருப்பதில் கவனம் வைத்தால்தான் திரும்பி வருவது நிற்கும்.

துவட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். பாதத்தை மட்டும் துடைத்துவிட்டு இடுக்கை விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு விரலையும் விலக்கித் துணியை உள்ளே விட்டு ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. கையால் குனிந்து செய்ய முடியாதவர்கள் முடி உலர்த்தியைச் சூடில்லாத காற்றில் வைத்து ஒவ்வொரு இடுக்குக்கும் அரை நிமிடம் காட்டலாம். கால் துடைக்கும் துண்டு தனியாக இருக்கட்டும், முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் அது போகக் கூடாது. தொடையிடுக்கில் வரும் படர்தாமரை பல பேருக்குக் காலிலிருந்தே ஏறுகிறது. உள்ளாடை போடும்போது பாதம் அதில் உரசிக்கொண்டு நுழைகிறது. சாக்ஸை முதலில் போட்டுவிட்டு உள்ளாடையைப் போட்டால் அந்த வழி அடைபடும். இரண்டு இடத்திலும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

சாக்ஸைத் திருப்பிப் போட்டுத் துவைக்க வேண்டும், செதில் இருப்பது உள்பக்கம். 30, 40 டிகிரி நீரில் துவைத்தால் பூஞ்சை சாகாது. 60 டிகிரி வேண்டும், அதுவும் முக்கால் மணி நேரம். எந்திரம் இல்லாவிட்டால் கொதிநீரையும் சாதாரண நீரையும் சம அளவில் கலந்தால் 60க்குச் சற்று மேலே வரும். மூடி வைத்து, ஆறும்போது மறுபடி கொதிநீர் சேர்க்க வேண்டும். வெந்நீரில் போட முடியாத துணியை வெளுப்பான் தாங்குமா என்று பார்த்து அதில் ஊறவைக்கலாம். துவைக்காத சாக்ஸை மற்றவர்களின் துணியோடு ஒரே கூடையில் போட்டு வைத்தால் பூஞ்சை அந்தத் துணிக்கும் ஒட்டும்.

ஷூவை ஒரு நாள் போட்டால் அடுத்த நாள் ஓய்வு. உள்தளத்தை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, 4 மணி நேரத்தில் அதை மாற்ற வேண்டும். முழுதாக உலர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். நுரைப்பஞ்சு உள்தளத்தைச் சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள், பழையதை எவ்வளவு கழுவினாலும் செதில் போகாது. ஷூவை உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சை சாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். குளிரில் அது உறங்கும், அவ்வளவுதான்.

பவுடரை விரலிடுக்கில் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வியர்வையோடு சேர்ந்து களியாகி இடுக்கில் அடைத்துக்கொள்கிறது.

#12 மருந்துச்சீட்டு

வெள்ளெருக்கு, பவுடரில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். சிகிச்சைக்குப் பவுடர் உதவாது, சரி. ஆனால் குணமான பின் மைக்கோனசோல் பவுடரை உலர்ந்த காலில் மெல்லிய படலமாகவும் சாக்ஸுக்குள்ளும் ஷூவுக்குள்ளும் தூவுவது திரும்பி வருவதைக் குறைக்கும். களியாவது ஈரக் காலில் அள்ளிக் கொட்டுவதால்தான்.

விரல்கள் ஒட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு, இரவில் சின்னப் பஞ்சுத் திரியையோ மடித்த காஸ் துணியையோ இடுக்கில் வைத்தால் காற்று புகும். காலையில் அதை எறிந்துவிட வேண்டும். ஐந்து விரலும் தனித்தனியாகப் போகும் சாக்ஸும் இதற்கு நல்லது.

வியர்வை ஊற்றுகிறவர்களுக்கு அலுமினியம் குளோரைடு 20 சதவீதக் கரைசல். இரவில், முழுக்க உலர்ந்த உள்ளங்காலில் தடவிக் காலையில் கழுவ வேண்டும். வியர்வை குறையும்வரை தினமும், பிறகு வாரத்துக்கு ஓரிரு முறை. வெடித்த தோலில் போட்டால் எரியும், ஆகவே முதலில் புண் ஆற வேண்டும்.

#13 பாதசாரி

விரலிடுக்கு புரிந்துவிட்டது. உள்ளங்கால் செதிலுக்கு அதே 2 வாரம் போதுமா?

#14 குறிஞ்சி

பெரும்பாலும் போதாது. தடித்த தோலுக்குள் களிம்பு இறங்குவதில்லை. முதலில் தடிப்பைக் கரைக்க வேண்டும். 20 முதல் 25 சதவீத யூரியாக் களிம்பைக் காலையிலும் பூஞ்சை மருந்தை இரவிலும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம் கலந்த விட்ஃபீல்டு களிம்பு நூறாண்டு பழமையான மருந்து, இன்றும் தடித்த உள்ளங்காலுக்கு நல்லது. ஆனால் இவற்றில் எதையும் விரலிடுக்கின் பச்சைப் புண்ணில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். உரிந்து தொங்கும் தோலைக் கையால் இழுக்கக் கூடாது. தொங்கும் அளவை மட்டும் கத்தரித்துவிட வேண்டும். இழுத்தால் நல்ல தோலும் சேர்ந்து கிழியும்.

நான்கு வாரத்தில் அசையவில்லை என்றால் மாத்திரை. டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, 2 முதல் 6 வாரம். அல்லது இட்ராக்கோனசோல் 200 மில்லிகிராம் நாளுக்கு 2 வேளை, 1 வாரம். இரண்டும் மருத்துவர் எழுதித்தான். ஈரல் நோய் உள்ளவர்களுக்கு டெர்பினாஃபின் ஆகாது, சிலருக்கு நாக்கில் சுவை போய்விடும், திரும்ப வாரங்கள் ஆகும். இட்ராக்கோனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு சேராது, மாத்திரையுறையாக (காப்ஸ்யூல்) கொடுத்தால் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சரியாக உறிஞ்சப்படாது. கீட்டோகோனசோல் மாத்திரையை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். ஈரலைக் கெடுப்பதால் 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்திவைக்கச் சொன்னது. களிம்பாகவும் ஷாம்பூவாகவும் அதற்கு அந்த ஆபத்து இல்லை.

#15 நுண்ணாடி

நகத்தையும் பாருங்கள். மஞ்சளாகித் தடித்து, அடியில் பொடி சேர்ந்திருந்தால் அது பூஞ்சையின் சேமிப்புக் கிடங்கு. தோலை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அங்கிருந்து மறுபடி இறங்கும். பாதசாரி வைத்த மாதிரி நிலையில் எனக்கு முதல் சந்தேகம் களிம்பை நிறுத்தியது, இரண்டாவது சந்தேகம் நகம்.

தோல் களிம்பு நகத்தட்டுக்குள் போகாது. கால் நகத்துக்கு டெர்பினாஃபின் மாத்திரை 12 வாரம். மாத்திரை முடிந்த பிறகும் நகம் அசிங்கமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். கட்டைவிரல் நகம் முழுதாக வளர்ந்து வர 12 முதல் 18 மாதம் ஆகும், அடியிலிருந்து தெளிவான நகம் ஏறி வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். ஆனால் 12 வாரம் மாத்திரை தொடங்கும் முன் நகத்தூளைச் சோதித்தே ஆக வேண்டும். சொரியாசிஸும் ஷூ இடித்த காயமும் நகத்தை இதே மாதிரி ஆக்கும்.

#16 ஆவாரம்பூ

குழந்தைகளுக்கு இதே அளவுகள்தானா? 8 வயதுப் பிள்ளைக்கு முன்பாதம் பளபளவென்று சிவந்து உரிகிறது என்றால்?

#17 குறிஞ்சி

8 வயதில் அது பூஞ்சையாக இருப்பதைவிட வேறாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பருவ வயதுக்கு முன் சேற்றுப்புண் வருவது குறைவு. பெருவிரல் அடியும் முன்பாதமும் மெழுகு பூசியதுபோல் பளபளத்து வெடிக்க, விரலிடுக்கு மட்டும் சுத்தமாக இருந்தால் அது வியர்வையும் உரசலும் செய்யும் தோல் அழற்சி. காற்றோட்டமான காலணி, கெட்டியான ஈரப்பதக் களிம்பு, நனைந்த சாக்ஸை உடனே மாற்றுவது போதும். வளர வளரப் போய்விடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குழந்தைக்கு 5 நாள் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரியத் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கவாசாகி நோயாக இருக்கலாம், அது இதயத்தின் இரத்தக்குழாயைத் தாக்கும்.

#18 வெள்ளெருக்கு

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள், குறிஞ்சி.

#19 குறிஞ்சி

அவர்களுக்கு இது சின்னத் தோல் தொந்தரவு இல்லை. இடுக்கில் ஒரு வெடிப்பு இருந்தால் அதன் வழியாகப் பாக்டீரியா நுழைந்து கால் முழுக்க வீங்கும். உணர்ச்சி குறைந்திருந்தால் வலியே தெரியாது. தினமும் இரவில் கண்ணாடி வைத்து நான்கு இடுக்கையும் அடிப்பாதத்தையும் பார்க்க வேண்டும். சாலிசிலிக் அமிலம், நீண்ட நேரம் ஊறவைத்தல், பிளேடால் சீவுதல் மூன்றும் கூடாது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

யாராக இருந்தாலும், சிவப்பு புறங்காலுக்கு ஏறினால் அதன் எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதி வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினாலும், சூடு, வீக்கம், வலி, காய்ச்சல், காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு என்று எது வந்தாலும் அது பூஞ்சைக் களிம்பின் வேலை இல்லை. அன்றே மருத்துவமனை.

#20 பாதசாரி

இடுக்கில் நீர் கசிந்துகொண்டே இருந்தால் களிம்பு ஒட்டாது. அப்போது என்ன செய்வது?

#21 மருந்துச்சீட்டு

முதலில் உலர்த்த வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1க்கு 10,000 கரைசல், 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு 4 லிட்டர் வெதுவெதுப்பான நீர். நிறம் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், ஊதாவாக இருந்தால் அதிகம், தோல் புண்ணாகும். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு ஒரு முறை, கசிவு நிற்கும் இரண்டு மூன்று நாள் மட்டும். அதற்கு மேல் போனால் தோல் வறண்டு புதிதாக வெடிக்கும். நகம் பழுப்பாகும் என்பதால் முன்பே நகத்தில் வாசலின் தடவிக்கொள்ளலாம். மாத்திரையை விழுங்கும் மாத்திரைகளோடு ஒரே இடத்தில் வைக்கவே கூடாது, வாய்க்குள் போனால் உயிருக்கு ஆபத்து. பொடியாக வாங்கினால் கையால் கிள்ளிப் போடாதீர்கள், அளவும் தவறும், கையும் வேகும்.

கசிவு நின்று மேற்பரப்பு உலர்ந்ததும் களிம்புக்கு மாறலாம். அன்றிலிருந்துதான் நாள் கணக்கு தொடங்கும்.

#22 பாதசாரி

எல்லாம் சரியாகச் செய்தும், டெர்பினாஃபின் 2 வாரம் முடிந்தும் செதில் இருந்தால்?

#23 நுண்ணாடி

உடனே அடுத்த குழாய்க்குப் போகாதீர்கள். மருந்து முடிந்த அன்றே தோல் பளிச்சென்று ஆகாது, கடைசிச் செதில் உதிர இன்னும் 2 வாரம் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் இருந்தால், அதுவே மருந்தில்லாத 2 வாரமும் ஆகிவிட்டது, சுரண்டுவதற்குச் சரியான நேரம். பூஞ்சை தெரியாவிட்டால் குறிஞ்சி #3இல் எழுதியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். தெரிந்தால் வளர்ப்புச் சோதனைக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். டெர்பினாஃபினுக்கு அடங்காத ட்ரைக்கோஃபைட்டான் இனங்கள் இப்போது வருகின்றன, அந்த மருந்து தாக்கும் நொதியே அவற்றில் மாறியிருக்கிறது. அவற்றுக்கு அதே மருந்தை இரட்டிப்பு நாள் போடுவதைவிட வேறு வகைக்கு மாறுவதே பயன் தரும். முடிவுத் தாளில் இனத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வெறும் 'பூஞ்சை உள்ளது' என்ற வரியை வைத்து மருத்துவரால் அடுத்த மருந்தைத் தேர்வு செய்ய முடியாது.